கிளை இல்லாத பலகை

கூடு கட்ட இடம் தேடி அலைந்த காக்கை, சுடலைமுத்து பரோட்டாக் கடையின் விளம்பரப் பலகைமேல் வந்து உட்கார்ந்தது.

"உன்மேல என்னப்பா எழுதியிருக்கு?"

"எங்களுக்கு வேறு எங்கும் கிளைகள் கிடையாது" என்று பலகை பெருமையாகப் படித்தது.

காக்கைக்கு மனசு இளகிவிட்டது. ஐயோ பாவம், ஒரு கிளைகூட இல்லாத மரமா! அன்றைக்கே சுள்ளி சுள்ளியாகக் கொண்டுவந்து அடுக்கியது.

மறுமாதம் பலகைக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கச் சுடலைமுத்து ஏணியில் ஏறினார். காக்கை பதறிக் கத்தியது. கூட்டுக்குள் வாயைப் பிளந்த மூன்று குஞ்சுகளைப் பார்த்தவர், அந்த வரியை மட்டும் அழித்து வேறு எழுதிவிட்டு இறங்கினார்.

"இப்போ என்ன எழுதியிருக்கு?"

பலகை கூச்சத்தோடு படித்தது: "எங்கள் ஒரே கிளை மேலே உள்ளது."