ஒப்பாரிக் காட்சி

சொல்லை மீறி, சினிமாவில் நடிப்பதற்காக இலங்கைக்குப் போன என் தங்கை வேதவல்லிக்கு அப்பா உயிரோடேயே கருமாதி செய்தார். நானும் தலை முழுகினேன். அதன்பின் எங்கள் வீட்டில் அவள் பெயரை யாரும் சொன்னதில்லை.

சென்ற மாதம் யாழ்ப்பாணத்தில் நண்பர் கனகசபாபதியின் வீட்டில் தங்கியிருந்தேன். "எங்கட ஊர் முந்தி எப்பிடி இருந்ததெண்டு பாருங்கோ" என்று, அங்கே எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைத் தொலைக்காட்சியில் போட்டார். பனைகளும் மாட்டுவண்டிகளும் வந்தன. பிறகு ஒரு சாவு வீடு. பெண்கள் மாரடித்து அழுதார்கள். நடுவில் கிடந்தவள் வேதவல்லி.

"ஐயோ, பிணம் கண் சிமிட்டுது!" என்று சிரித்தார் நண்பரின் மனைவி மங்களம். "அண்ணை, அது உங்கட மூக்கெல்லோ? சொந்தமோ?"

"எங்க குடும்பத்துல யாரும் கூத்தாடினதில்ல."

"கோவிக்காதேங்கோ. அந்த மனுசி இப்பவும் மானிப்பாயிலதான் இருக்கிறா. தனியத்தான்."

நான் நிமிர்ந்து உட்கார்ந்து மேல்துண்டைச் சரிசெய்துகொண்டேன்.

"ஒப்பாரி நல்லாருக்கு" என்றேன். "அந்த எடத்த மட்டும் இன்னொரு தடவ போடுங்க."