தூரமாம்

கீழ்வீட்டு டெலிபோனை வைத்துவிட்டு மாடிப்படியிலேயே நின்றுவிட்டாள் ஆரோக்கியமேரி.

டில்லியிலிருந்து டிரங்க் கால். பேசியது ஜலஜா அம்மாளின் மகன் சங்கரன். அம்மாவுக்கு மூச்சு இழுக்குது, ஆளைப் பார்க்கணும்னா இப்பவே வாங்க என்று மேரி கத்தியது மந்தைவெளி முழுக்கக் கேட்டிருக்கும். சங்கரன் நிதானமாகத்தான் பதில் சொன்னான்.

"ஏரோப்ளேன்ல ரெண்டரை மணி நேரம்தான், இல்லேங்கல. அதுக்காக ஒவ்வொரு தடவையும் பறந்து வர முடியுமா? தூரம்னு சொல்லு, புரிஞ்சுப்பா."

லைன் சுத்தமாகத்தான் இருந்தது. காது கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

மேலே கட்டிலில் கிடந்த ஜலஜா அம்மாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருஷமாக அவளுக்குப் பீ மூத்திரம் அள்ளுகிறவள் மேரி. ஆனாலும் அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தே சொன்னாள்.

"தம்பி பேசிச்சும்மா. தூரமாம்."

"அடடா, சீதா தூரமா?"

மேரிக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. மாதத்தில் மூன்று நாள் பெண்கள் ஒதுங்கி உட்காருவதற்கு அந்த வீட்டில் அதுதான் பேர். கிழவி மருமகளைச் சொல்கிறாள்.

சட்டென்று பிடித்துக்கொண்டாள் மேரி. "ஆமாம்மா. அதான் சொல்லிச்சு."

"பின்னே, ஆத்துக்காரியை அப்படியே விட்டுட்டா வருவான்? நாலாம் நாள் தலைக்கு ஊத்திண்டு ரெண்டு பேருமா வந்துடுவா பாரு."

அன்றைக்கு ஒரு டம்ளர் கஞ்சியையும் குடித்தாள்.

எட்டிப் பார்க்க வந்த கீழ்வீட்டு மாமியிடம், மூச்சு வாங்க வாங்க அவளே சொன்னாள். "மாட்டுப்பொண் தூரம். அதான் ப்ளேன் ஏறலை."

மாமி தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

நாலாம் நாள் காலையில் வெளுத்த புடவை கேட்டாள். மேரி உடுத்திவிட்டு, நரைமயிரை வாரி முடிந்தாள். வெயில் ஏறியது. வாசலில் டாக்ஸி எதுவும் நிற்கவில்லை.

உச்சிவேளையில் மீனம்பாக்கம் பக்கமாக ஒரு விமானம் தாழ்ந்து போனது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. மேரி ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள்.

"இதுலதான் வந்துக்கினு இருப்பாங்கம்மா."

"சாத்துடி ஜன்னலை."

சாத்தினாள்.

"சீதாவுக்குக் கர்ப்பப்பையை எடுத்து ரெண்டு வருஷமாச்சு" என்றாள் ஜலஜா அம்மாள். "ஏதுடி அவளுக்குத் தூரம்?"



கிழவி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கீழே சொல்லிடாதே."