மருமகனின் முழங்கால்

காலையில் தயாளன் பால் காய்ச்சினான். மாமியார் பூரணத்துக்குக் காபி கொடுத்தான். அவள் முழங்காலில் மருத்துவமனை மாட்டிவிட்ட, அசைவை அளக்கும் பட்டையைக் கழற்றித் தன் காலில் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். காலை நீட்டி, சற்று நிறுத்தி, மெல்ல இறக்கினான். மனைவி வெண்ணிலா இறந்த பிறகு தினமும் இதே வேலைதான். மூட்டுத் தேய்மானத்துக்கான பயிற்சியைச் செய்ததாகப் பட்டை பதிவு செய்யாவிட்டால் மருத்துவமனை வலி மாத்திரை தராது. பூரணமோ காலை நீட்டினாலே கத்துவாள், சாபம் விடுவாள். அதைக் கேட்பதற்கு இது மேல்.

அன்று பட்டை பேசியது. "வாழ்த்துகள். உங்கள் மூட்டு குணமாகிவிட்டது. இனி மாத்திரை வேண்டாம். அடுத்த மாத அறுவை சிகிச்சை ரத்து செய்யப்பட்டது."

பூரணம் டம்ளரை ணங்கென்று வைத்தாள்.

"யாரு மூட்டு மாப்ள?"

"நான் பேசிப் பாக்கறேன் அத்தை."

"எதுகிட்ட? அது உங்க முட்டியத்தான நம்பும்."

"நீங்க வலியில துடிச்சீங்க. உங்களுக்காகத்தான் செஞ்சேன்."

"எனக்காகவா? என் சத்தம் உங்க காதுல விழக்கூடாதுன்னு."

சுவரைப் பிடித்து எழுந்தாள். அவன் நீட்டிய கையைத் தட்டிவிட்டாள். அறை வாசலில் நின்று, திரும்பாமலே சொன்னாள்.

"வெண்ணிலா வலிக்குதுன்னு அழுதப்பவும், இப்ப பரவால்லன்னு டாக்டர்கிட்ட நீங்கதான சொன்னீங்க."