பழைய மாணவிகளின் பிள்ளைகளுக்கு மட்டும்

“பழைய மாணவிகளின்ர பிள்ளைகளுக்குத்தான் இனி இடம். நீங்கள் இங்க படிச்சனீங்களோ?” என்று கேட்டார் வெள்ளவத்தைப் பள்ளி அதிபர் சரோஜினிதேவி.

“இல்லை டீச்சர். மூண்டு கிழமை இருந்தனான்,” என்றாள் மகளைச் சேர்க்க வந்திருந்த யோகராணி.

“மூண்டு கிழமையில என்னத்தைப் படிச்சனீங்கள்? கதை விடாதேங்கோ பிள்ளை. அத்தாட்சி இருக்கோ?”

“எனக்கில்லை. மகளுக்கு இருக்கு.”

“நல்ல பகிடி! ஐஞ்சு வயசுப் பிள்ளைக்கோ?”

யோகராணி மகளின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை நீட்டினாள். பிறந்த திகதி 1983 ஓகஸ்ட் 2. பிறந்த இடம், அதே பள்ளிக்கூடம்.

அதிபர் கண்ணாடியைக் கழற்றினார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் அந்தப் பள்ளிக்கூடம் அகதி முகாமாக இருந்தபோது, சேலை கட்டி மறைத்து ஒரு பிரசவம் நடந்ததாக அவர் கேள்விப்பட்டிருந்தார்.

“எந்த அறையில?”

“முதலாம் வகுப்பு பி, டீச்சர்.”

அதிபர் அனுமதிப் படிவத்தை இழுத்து எழுதினார்: ‘முதலாம் வகுப்பு பி. மீளச் சேர்க்கப்பட்டார்.’