கீறல் விழாத கார்டு

"அந்தக் கார்டைக் குடுங்க. நாளையோட ஆறு மாசம் முடியுது."

ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராகப் பட்டறைக்கு வந்து நின்றாள் மனைவி. பட்டறைக்காரர் ஒரு பழைய வண்டியின் கதவுக்கு முன்னால் குந்தியிருந்தார். நசுங்கிய இடத்தில் பட்டி பூசிச் சமன்படுத்திக்கொண்டிருந்தார். பட்டியை இழுக்க இரும்புத் தகடெல்லாம் அவருக்குச் சரிப்படாது. மனைவி வேலை பார்க்கும் கார்டு ஆலையில் அச்சுப் பிசகிக் கழித்துப் போட்ட பேங்க் கார்டுதான் வேண்டும். அவளும் அவ்வப்போது ஒன்றிரண்டு கொண்டுவந்து தருவாள். கடைசியாகத் தந்ததே இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

"காலையில தர்றேனே."

"காலையில எட்டு மணிக்கு மேனேஜர் மேஜையில இருக்கணும். எடுங்க."

இரண்டு வருடமாக ஒற்றைக் காலில் நின்று, சோளத்திலிருந்து எடுத்த பிளாஸ்டிக்கில் கார்டு செய்யவைத்தவள் அவள். ஆலையில் அவளுக்குப் பெயரே சோளக்காரிதான். மிஷின் வளைத்துப் பார்த்ததில் கார்டு தேறிவிட்டது. மனிதர்கள் கையிலும் தேறட்டும் என்று ஐந்து கார்டுகளை ஆறு மாதம் புழங்கச் சொல்லி ஐந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு தேறின, இரண்டு உடைந்தன. மிச்சம் இருப்பது இவரிடம் வந்த ஒன்று. அதுவும் சொதப்பினால் சோளத்தை மூட்டை கட்டிவிட்டு, அவளைப் பழையபடி பெட்டி ஒட்டும் பிரிவுக்கே அனுப்பிவிடுவார்கள்.

அவர் முதுகைக் காட்டியபடி அலமாரியில் எதையோ உருட்டிவிட்டு, கார்டைக் கொண்டுவந்து நீட்டினார்.

"பளபளன்னு இருக்கே," என்றாள்.

"உன் கைவேலை வேற எப்படி இருக்கும்?"

"எங்க வச்சிருந்தீங்க?"

"பின் பாக்கெட்லதான். உக்கார்றது, எந்திரிக்கிறது எல்லாம் அது மேலதான்."

"வெயில் பட்டுச்சா?"

"பட்டுச்சாவா? வண்டிக் கண்ணாடிக்குக் கீழ ரெண்டு நாள் காயப்போட்டேன்."

"தண்ணி?"

"பேண்டோட சேர்த்துத் துவைச்சுட்டேன். நீகூடத் திட்டினியே."

"நான் திட்டினது பேனாவைத் துவைச்சதுக்கு."

பட்டறைக்காரர் அவசரமாகக் கதவுப் பக்கம் திரும்பிப் பட்டியை வரக் வரக்கென்று இழுத்தார். அவளோ அங்கே கிடந்த ஸ்டூலைத் துடைத்துவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆச்சு. பொய் சொன்னா உங்க காது சிவந்துடும். இப்ப ரெண்டு காதும் செக்கச்செவேல்னு இருக்கு."

அவர் காதைத் தடவினார். காதிலும் பட்டி அப்பிக்கொண்டது.

"சரி, சொல்லிடறேன். நான் அதைத் தொடவே இல்ல. நீ குடுத்த அன்னிக்கே பஞ்சுத் துணியில சுத்தி, தகர டப்பாவுல போட்டு, மேல் தட்டுல வச்சுட்டேன். வாரத்துக்கு ஒருதரம் எடுத்துப் பார்ப்பேன். அவ்வளவுதான்."

"பொத்திப் பொத்தி வச்சா அதுக்குப் பேர் சோதனையா?"

"இல்லதான்."

"முரட்டுத்தனமாப் புழங்கணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னே. என்னால முடியல. ரெண்டு வருஷமா அதே நினைப்பா இருக்கே. சாப்பிடும்போதும் அதே பேச்சு. அது என் கையில உடைஞ்சுபோச்சுன்னு வந்து நின்னா உன் முகம் எப்படி இருக்கும்? அதை நினைச்சாலே எனக்குக் கை வரல."

மனைவிக்கு நல்லது செய்கிறேன் பேர்வழி என்று அவள் பிழைப்பிலேயே மண்ணைப் போட்டுவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. அதை இப்படிக் குடு. காலையில வரைக்கும் அது மேலயே உக்காந்திருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணும் நிறைந்துவிட்டது. எழுந்து வந்து, அந்தப் பளபள கார்டை அவருடைய சட்டைப் பையில் செருகினாள்.

"இதை நீங்களே வச்சுக்கங்க."

"அப்ப நாளைக்கு மேனேஜர்கிட்ட எதைக் காட்டுவே?"

அவள் எட்டி, அவர் கையில் இருந்த பட்டி கார்டைப் பிடுங்கி, ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டி, முந்தானையால் துடைத்தாள்.

"அதை ஏன் எடுக்கறே? கதவு இன்னும் முடியல."

கைப்பையில் இருந்து கார்டு படிக்கும் சின்ன மிஷினை எடுத்து அதில் கார்டைச் செருகினாள். கார்டு தேறியதென்று பச்சை விளக்கு எரிந்தது.

"உங்களைப் பத்தித் தெரிஞ்சுதான் அன்னிக்கே மாத்திக் குடுத்தேன். நீங்க டப்பாவுல தூங்கவச்சது சாதா பிளாஸ்டிக். கழிச்சுப்போட்டதுன்னு சொல்லி, ஆறு மாசமா உங்களைப் பட்டி இழுக்கவச்சது என் சோளத்தை."