கத்தாத அலாரம்

"இந்தச் சனியன் ஒரு சின்னச் சத்தம்கூடப் போடலையே அக்கா!"

கையில் இருந்த கேஸ் அலாரத்தை மருத்துவமனை பெஞ்சில் வீசினாள் சிறுமியின் அம்மா. விழுந்த பிறகும் அதன் பச்சை விளக்கு, ஒன்றுமே நடக்காததுபோல எரிந்துகொண்டிருந்தது.

உள்ளே மூன்றாம் நம்பர் கட்டிலில் மகள். ஒன்பது வயது. காலையில் பள்ளிக்குக் கிளம்புவதற்காகக் குளிக்கப் போயிருந்தாள். தண்ணீர் ஓடும் சத்தம் நிற்கவே இல்லை. கூப்பிட்டால் பதிலும் இல்லை. தாழ்ப்பாளை உடைத்துப் பார்த்தபோது ஈரத் தரையில் சுருண்டு கிடந்தாள்.

"அழாதடி. புள்ள கண்ணத் தொறந்துட்டா இல்ல? அது போதும் நமக்கு." முதுகைத் தடவிக் கொடுத்தாள் சீல் அக்கா. செய்தி கேட்டதும் வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்தவள் அவள்தான். மாற்றுத் துணியையும், டாக்டர் பார்க்கக் கேட்டார் என்பதால் அலாரத்தையும் வீட்டிலிருந்து எடுத்து வந்தவளும் அவள்தான்.

இருவருக்கும் ஒரே தபால் நிலையம். இவள் கடிதங்களைப் பிரிப்பாள், அக்கா முத்திரை குத்துவாள்; அதனால்தான் 'சீல்' அக்கா. பன்னிரண்டு வருடமாகப் பக்கத்துப் பக்கத்து முக்காலி. எட்டு மாதத்துக்கு முன்னால், தங்கையோடு போய் இருந்துகொள்ளலாம் என்று முடிவெடுத்த அக்கா, தன் வீட்டை இவளுக்கே விற்றாள்.

"வேற யாருக்கும் குடுக்க மனசு வரலடி. உன்கிட்ட இருந்தா என்கிட்ட இருக்கிற மாதிரி."

பாத்ரூமில் கேஸ் ஹீட்டர் இருக்கிறது, கடைக்குப் போய் நல்ல அலாரமாகப் பார்த்து வாங்க வேண்டும் என்று இவள் சொல்லிக்கொண்டிருந்தபோதே, அக்கா ஒன்றை வாங்கி வந்து தன் கையாலேயே சுவரில் மாட்டியும் கொடுத்தாள்.

விற்றுவிட்டாலும் உறவு விட்டுப்போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தங்குவாள். குழந்தைக்குத் தலை வாரி விடுவாள். "சுடுதண்ணி எனக்கு ஆகாதுடி" என்று, குளிர் நாளிலும் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுப் பல் கிடுகிடுக்க வெளியே வருவாள். அம்மாவும் மகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

டாக்டரம்மா வந்து அலாரத்தைக் கையில் எடுத்தார்.

"வாரா வாரம் பட்டனை அமுக்கிப் பாப்பேன் டாக்டர். இப்பக்கூடப் பாருங்க." அமுக்கினாள். அது போட்ட அலறலில் வராந்தாவில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் அதைத் திருப்பிப் பின்பக்கம் இருந்ததைப் படித்தார். "பட்டனை அமுக்கினா கத்தத்தான் செய்யும். இது சமையல் கேஸ் கசிஞ்சா கத்துற அலாரம்மா. உங்க பொண்ணு சுவாசிச்சது கார்பன் மோனாக்சைடு. ஹீட்டர்ல கேஸ் சரியா எரியாம, புகை வெளிய போக வழியில்லாம நின்னா வர்றது. நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது."

"அப்ப இது?"

"இது அதைக் கண்டுக்கவே கண்டுக்காது. அதுக்குன்னு தனி அலாரம் இருக்கு. இன்னும் பத்து நிமிஷம் ஆகியிருந்தா..." டாக்டர் அவள் தோளைத் தட்டிவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார்.

சீல் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். "எனக்கென்னடி தெரியும்? எல்லாத்துக்கும் இது ஒண்ணே போதும்னு கடைக்காரன் சொன்னான். பாவி, நம்ப வெச்சு கழுத்தறுத்துட்டானே!"

பெற்றவள் தன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அக்காவின் கைகளைப் பிடித்தாள். "நீங்க என்னக்கா பண்ணுவீங்க? தெரிஞ்சிருந்தா விட்டிருப்பீங்களா? எந்தக் கடைன்னு மட்டும் சொல்லுங்க. அவனை நான் சும்மா விடப் போறதில்ல."

"இப்ப அதுவாடி முக்கியம்?" அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டாகப் போகிறது. "நான் கிளம்பட்டுமா? அந்த ஈரத் துணியெல்லாம் அப்படியே கிடக்கு."

"இருங்கக்கா. உள்ள வந்து அவள ஒரு தடவை பாத்துட்டுப் போங்க. பெரியம்மா எங்க, பெரியம்மா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கா."

"வேணாம்டி, ஆஸ்பத்திரி வாடை எனக்கு..."

அவள் விடவில்லை. கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து குழந்தை சிரித்தது. அக்கா குனிந்த தலை நிமிராமல் போர்வையைச் சரி செய்துகொண்டே இருந்தாள்.

மதிய ஷிப்டுக்கு வந்த நர்ஸ், கொஞ்சம் வயதானவர், கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டே வந்தார். குழந்தையின் நாடியைப் பிடித்தவர் எதிரில் நின்ற அக்காவை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, நீங்களா! போன வருஷம் மூணு நாள் இதே வார்டுல கிடந்தீங்களே. நல்லா இருக்கீங்களா?"

அம்மாக்காரி ஒன்றும் புரியாமல் அக்காவைப் பார்த்தாள். போர்வையில் இருந்த அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது.

நர்ஸ் உரிமையோடு அதட்டினார்.

"உங்கள மயக்கம் போட வெச்ச அந்த பாத்ரூம் ஹீட்டரை அன்னைக்கே கழட்டச் சொன்னேனே, கழட்டினீங்களா இல்லையா?"