மாவு பொங்கிய இடம்

வேலை மாற்றலாகி வந்த மங்கையர்க்கரசி, பழைய வீட்டில் கடைசியாக அரைத்த இட்லி மாவைக் கொட்ட மனம் வராமல் தூக்குவாளியோடு பஸ் ஏறிவிட்டாள். வீட்டுத் தரகர் அந்தோணி ஸ்கூட்டரில் புறநகர் புறநகராகச் சுற்றிக் காட்டினார். அவர் முதுகுக்கும் அவள் மடிக்கும் நடுவில் தூக்கு. ஓரிடம் ஆபீஸுக்குப் பக்கம், ஆனால் தெருவில் ஈ காக்கை இல்லை. இன்னோரிடத்தில் வீட்டுக்காரர் தூக்கையே பார்த்துவிட்டு, "விருந்தாளிங்க நிறைய வருவாங்களோ?" என்றார். அவள் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வெயில் ஏறியது. ரயில்வே கேட்டில் நின்றபோது அந்தோணி நெளிந்தார். "அக்கா, முதுகுல என்னமோ வழியுது." மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு பொங்கி, சட்டையெல்லாம் வெள்ளை. பக்கத்து வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்தாள். வந்தவள் சட்டையை விட்டுவிட்டு மாவைத்தான் பார்த்தாள். "என்னமா பொங்கியிருக்கு. உள்ள வாங்க, கல்லு அடுப்புலதான் இருக்கு." கேட் திறந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. "அக்கா, இந்தப் பக்கம் யாரும் வீடே கேக்கறதில்ல," என்று கத்தினார் அந்தோணி. மங்கையர்க்கரசி அதற்குள் அந்த வாசலில் செருப்பைக் கழற்றியிருந்தாள். மாடியில் பூட்டிக் கிடந்த வீட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். "அப்படியே காய்ச்சறதுக்குப் பால் வாங்கிட்டு வந்துடுங்கண்ணே."